குதிரைக்கு இசைந்த சேணம்

உலகில் ஒருவன் சுமையைப் பிறிதொருவன் சுமக்கும் இடமெல்லாம், சுமப்பவனுக்கும் சுமைக்கும் இடையே ஒரு பொருள் வேண்டப்படுகின்றது. தலைச்சுமை தூக்குவோனுக்குச் சும்மாடும், காளைக்கு நுகத்தடியும், பல்லக்குத் தூக்குவோனுக்குத் தோள்மெத்தையும் அவ்வாறு அமைந்தவை. குதிரைக்கு அமைந்தது சேணம். சும்மாடு சரியில்லாவிடின் சுமப்பவன் வாய்திறந்து சொல்வான்; குதிரையோ சொல்லாது. ஆதலின் அதன் வருத்தத்தை அறிந்து பரிகரிக்கும் கடமை ஏறுவோனைச் சார்ந்தது. இச் சிறு விஷயத்தை நம் தேசத்து மன்னர்கள் கவனித்தும் கவனியாமலும் விட்டதனால் விளைந்த பயன் யாது என்பதை நம் சங்கத்து அன்பர்களும் அவர்கள் குடும்பத்தாரும் அறிதல் நலமெனக் கருதி இக் கட்டுரையை எழுதலுற்றோம்.

இதனை எழுதத் தூண்டியது ஐயங்கார்குளத்துக்குச் சென்ற ஒரு சித்திரா பௌர்ணமிப் பிரயாணம். காஞ்சிபுரத்தை அடுத்த அவ்வூரின் பெருங்குளமும் சஞ்சீவிராயர் கோயிலும், இரண்டாம் வேங்கடபதிராயர் (1586–1614) காலத்தில் காஞ்சி வரதராஜர் கோயில் காரியங்களை நிர்வகித்த இலக்ஷ்மீகுமார தாதாசாரியருடைய பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுபவை. அங்குள்ள நடவாவிக் கிணற்றுக்குச் சித்திரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் எழுந்தருள்வதும், நீரிறைத்துவிட்ட கிணற்றின் அடிமண்டபத்தில் சேவை சாதிப்பதும் தொண்டைநாட்டார் யாவரும் அறிந்த உற்சவம். அவ்வுற்சவத்தைச் சேவித்து மறுநாள் காஞ்சி திரும்பி, பெருமாள் கோயில் நூற்றுக்கால் மண்டபத்தின் முன் நின்றோம். முன்கால் இரண்டையும் தூக்கிப் பாயும் கற்குதிரைகளும் அவற்றின்மேல் ஆயுதபாணிகளாய் அமர்ந்த வீரர்களும் அத் தூண்களில் உளர். காண்போர் பெரும்பாலும் வீரன் முகத்தையும் வாளையும் பார்த்து வியந்து செல்வர். நம்முடன் வந்த முதியவர் ஒருவர், இளமையில் ஜட்காவண்டி ஓட்டிப் பிழைத்தவர், அவற்றைப் பாராமல் குதிரையின் முதுகையே நெடுநேரம் நோக்கியிருந்தார். "வார் எங்கே போகிறது பாருங்கள், இந்தச் சிற்பி லாயத்துக்குள் போய்ப் பார்த்தவன்" என்றார். அதன்பின்னரே யாமும் கடிவாளத்தையும் வார்களையும் மேல்விரிப்பையும் வீரன் கால்வைத்த நிலையையும் ஊன்றி நோக்கினோம். அன்று தோன்றிய வினாக்களுக்குத் தேடிய விடைகளே கீழே வருவன.

பெயர்களும் பழைமையும்

குதிரை தமிழகத்தின் சொந்த விலங்கன்று. பரி, புரவி, மா, இவுளி என்று பல பெயரிட்டு நம் முன்னோர் அதனைப் பாராட்டினராயினும், அது கடல்வழியே வந்திறங்கியதைப் பட்டினப்பாலை காவிரிப்பூம்பட்டினத்து வளங்களுள் ஒன்றாகக் கூறுகின்றது. சோழர் காலத்துக் கல்வெட்டுகளில் மலைமண்டலத்துக் குதிரைச் செட்டிகள் காணப்படுகின்றனர். குதிரை வாங்கப் பாண்டியன் கொடுத்த பொருளை மணிவாசகர் திருப்பெருந்துறையில் செலவிட்டதும், நரிகள் பரிகளானதும் நம் வீட்டுக் குழந்தைகளும் அறிந்த கதை. ஓர் அரசன் அமைச்சனையே பொற்கிழியுடன் துறைமுகத்துக்கு அனுப்ப வேண்டிய அளவுக்கு அது அருமையான சரக்காயிருந்தது என்பதே அக் கதையினின்றும் சரித்திரக்காரன் கொள்ளத்தக்க குறிப்பு.

குதிரையின் முதுகில் இடுவதற்கும் நம் மொழியில் பல சொற்கள் உண்டு. சேணம், கலணை, பல்லணம், பண் என்பன நிகண்டுகளிலும் அகராதிகளிலும் காண்பவை. இவற்றுள் பல்லணம் என்பது 'பர்யாணம்' என்னும் வடசொல்லின் திரிபு. பிற்காலத்தில் பாரசீகத்திலிருந்து 'ஜீன்' என்ற சொல் வந்து, நம் நாட்டார் வாயில் 'ஜீனி', 'சீனி' என்றாயிற்று. இவ்வாறு ஒரே பொருளுக்கு வடக்கும் மேற்கும் தந்த பெயர்கள் சேர்ந்து கிடப்பது, அப்பொருள் எந்தெந்த வழியாக நம்மிடம் வந்தது என்பதற்குச் சாக்ஷியாகும்.

ஆதியில் எல்லாத் தேசத்தாரும் வெறும் முதுகிலோ, துணியை மடித்துப் போட்டோதான் ஏறினர். பின்னர் மெத்தையும், அதன்பின் மரச்சட்டத்தின் மீது தோல் போர்த்த சேணமும் தோன்றின. அங்கவடி என்னும் கால்தாங்கியின் முன்னோடியாகப் பெருவிரல் மட்டும் நுழையும் கயிற்றுவளையம் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டிய சாஞ்சி முதலிய இடத்துச் சிற்பங்களில் காணப்படுவதை ஆராய்ச்சியாளர் எடுத்துக்காட்டுவர். இரு பாதமும் ஊன்றும் அங்கவடி கி.பி. நான்காம் நூற்றாண்டில் சீனத்தில் வழக்கிலிருந்தது. அங்கிருந்து பிற தேசங்களுக்குப் பரவிற்று.

மரச்சட்டம் தோன்றியதில் ஒரு பெரும் நுட்பம் அடங்கியிருக்கிறது. குதிரையின் தண்டெலும்பு ஒரு மனிதன் உட்காருதற்கு ஏற்றதன்று. அதன் இருமருங்கும் நீண்டோடும் தசைப்பட்டைகளும், அவற்றின் கீழுள்ள விலாவெலும்புகளுமே பாரம் தாங்க வல்லவை. சட்டமானது ஏறுவோன் பாரத்தைத் தண்டெலும்பின்மீது விழவிடாமல் இரு பக்கமும் பகிர்ந்து பரப்புகிறது. ஆயின் சட்டம் வளையாத பொருள். துணி எந்த முதுகிற்கும் படியும், மரம் படியாது. ஆதலின் சட்டம் வந்த நாள்முதல், 'இச் சேணம் இக் குதிரைக்கு இசையுமா?' என்னும் கேள்வியும் கூடவே வந்தது.

பொன் கொடுத்து வாங்கிக் கொன்ற கதை

இனி நம் நாட்டுச் சரித்திரத்தில் மிக வருந்தத்தக்க ஒரு பகுதியைச் சொல்லப் புகுகின்றோம். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிநாட்டுக் கரைக்கு வந்த வெனிஸ் நகரத்து மார்க்கோ போலோ, இந்நாட்டு அரசனும் அவன் சகோதரரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அரபுக் குதிரைகளை வாங்குவதாகவும், பராமரிக்க அறியாமையால் ஆண்டிறுதியில் நூறு குதிரைகூட எஞ்சுவதில்லை என்றும் எழுதிவைத்தார். வணிகர்கள் தங்கள் வியாபாரம் குன்றாதிருக்கும்பொருட்டுக் குதிரை வைத்தியரை இங்கு வரவிடுவதில்லை என்றும் அவர் குற்றஞ்சாட்டுகிறார்.

அதே காலத்தை அடுத்து எழுதிய பாரசீக சரித்திரக்காரர் வஸ்ஸாப் சொல்வது இன்னும் நம் விஷயத்துக்கு நெருக்கமானது. குதிரை ஒன்றுக்கு 220 பொன் தீனார் விலை கொடுத்து வாங்கிய பின், நெய் கலந்த தானியமும் காய்ச்சிய பசும்பாலும் ஊட்டி, நாற்பது நாள் கயிற்றிலும் முளையிலும் கட்டிக் கொழுக்கவைத்து, பின்னர்ப் பழக்காமலும், அங்கவடி முதலிய ஏறுதற்குரிய சாதனங்கள் இல்லாமலும் சிப்பாய்கள் மூர்க்கமாய் ஏறி ஓட்டுவராம். எவ்வளவு சிறந்த குதிரையும் சிறிது காலத்தில் தளர்ந்து உபயோகமற்றுப் போகும். உடனே மறுபடியும் புதுக்குதிரை வாங்க வேண்டும். அதனாலேயே அந்நிய வணிகர்களுக்கு இடையறாத லாபம் என்பது அவர் கருத்து.

அந்நியர் எழுத்தில் சிறிது மிகை இருக்கலாம். நம் சீதோஷ்ணமும் தீனியும் அரபுக் குதிரைக்கு ஒவ்வாமையும் ஒரு காரணமே. எனினும் இருவர் கூற்றும் ஒன்றையொன்று தழுவி நிற்றலின் முற்றும் தள்ளத்தக்கதன்று. குதிரைக்குப் பொன் கொடுத்தோம். அதன் முதுகை நோக்கவில்லை. நெய்யும் பாலும் ஊட்டியது அன்பின்மையால் அன்று, அறியாமையால். அன்பு மட்டும் போதாது, அறிவும் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிவான உதாரணம் யாது வேண்டும்?

விஜயநகரத்தார் காலத்திலும் இச் செலவு குறைந்ததில்லை. போர்ச்சுக்கீசியர் நூனிஸ் எழுதிய குறிப்பில், சாளுவ நரசிம்மராயர் கடலில் இறந்த குதிரைக்கும் வாலைக் கொணர்ந்து காட்டினால் உயிருள்ள குதிரைக்குரிய விலையையே கொடுத்தார் என்று காணப்படுகிறது. கிருஷ்ணதேவராயர் ஆண்டுக்கு 13,000 ஓர்மஸ் குதிரைகள் வாங்கினார் என்பதும் அவர் கூற்றே. 1510-இல் கோவாவைப் பிடித்த போர்ச்சுக்கீசியர் இவ் வாணிகத்தைத் தம் கைக்குள் வைத்துக்கொண்டு, தக்காணத்து அரசர்களைத் தம் தயவை நாடும்படி செய்தனர். ஆயினும் இக்காலத்துப் படையில் சேணமும் சவாரிக் கலையும் மிகத் திருந்தின என்பதற்குக் காஞ்சி, வேலூர், ஸ்ரீரங்கம் ஆகிய இடத்துக் கற்றூண்களே சான்று.

சாஸ்திரம் நம்மிடம் இல்லாமற் போகவுமில்லை. சாலிஹோத்திரர் பெயராலும், விராட நகரத்தில் குதிரை காத்த நகுலன் பெயராலும் அசுவ நூல்கள் வழங்குகின்றன; நகுலனுடையதென்று சொல்லப்படும் அசுவசாஸ்திரம் தஞ்சை சரசுவதி மகாலிலிருந்து 1952-இல் அச்சாகி வெளிவந்தது. ஏட்டில் இருந்த வித்தை லாயத்துக்கு இறங்கி வராமையே குறை.

தொண்டைநாட்டில் குதிரைப்படை

பதினெட்டாம் நூற்றாண்டில் நம் பக்கத்துக் கிராமங்கள் குதிரைக் குளம்பின் தூசியில் மூழ்கிக் கிடந்தன. 1714-இல் செஞ்சித் தேசிங்குராஜன் பட்ட போரும், எவரும் அடக்கவொண்ணாத குதிரையை அவன் அடக்கிய கதையும் பாட்டாய் நாடெங்கும் பாடப்பட்டன. 1780 செப்டம்பர் 10-ஆம் நாள் காஞ்சிக்கு அணித்தாகிய புள்ளலூரில் ஹைதரலியின் சேனை கர்னல் பெய்லியின் படையைச் சூழ்ந்து அழித்தது. அதில் மைசூர்க் குதிரைப்படை பெரும் பங்கு கொண்டது. அக்காலத்துக் குதிரைவீரர் இருவகையினர். அரசாங்கக் குதிரையில் ஏறுவோர் பார்கீர். தம் சொந்தக் குதிரையோடும் சேணத்தோடும் வந்து சம்பளம் பெறுவோர் சிலேதார். சிலேதாருக்குக் குதிரையே முதல். அதன் முதுகு புண்ணானால் அவன் பிழைப்புப் போயிற்று. ஆதலின் வார் கட்டுவதிலும் மெத்தை தைப்பதிலும் அவன் கண் எப்பொழுதும் இருந்தது. உடைமை உள்ளவிடத்துக் கவனம் உண்டாதல் உலகியற்கையன்றோ.

1806 ஜூலை 10-ஆம் நாள் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் எழுந்தபோது, கில்லெஸ்பி என்பவர் ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்து சில மணி நேரத்தில் கோட்டையை மீட்டார் என்பது பிரசித்தம். சுமார் பதினாறு மைல் தூரத்தை அப்படி விரைந்து கடக்கத் தக்கவாறு குதிரைகளும் சேணங்களும் லாயத்தில் ஆயத்தமாயிருந்தன. எழுச்சியின் நியாயம் எத்தரத்ததாயினும் ஆகுக. அன்று அதன் முடிவைத் துரிதப்படுத்தியவற்றுள் அந்த ஆயத்தமும் ஒன்று. ஓசூரில் 1824-இல் படைக்குதிரைகளுக்கென ஏற்பட்ட பண்ணையும், பின்னர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலிருந்து 'வேலர்' என்ற பெயருடன் சென்னையில் வந்திறங்கிய குதிரைகளும் இவ் வரலாற்றின் தொடர்ச்சியே.

புதுக்குதிரை வந்தது, பழைய சேணம் அதற்குப் பொருந்தவில்லை. அகன்ற முதுகுக்குக் குறுகிய சேணமும், மெலிந்த முதுகுக்கு அகன்ற சேணமும் இட்டமையால் ஆங்கிலேயப் படைகளும் மிகத் துன்புற்றன. பிரடரிக் ஸ்மித் என்ற இராணுவக் கால்நடை வைத்தியர் 1891-இல் சேணங்களையும் முதுகுப் புண்களையும் பற்றித் தனி நூலே எழுதினார். அதன்பின்னும் 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்தில் ஆங்கிலேயர் மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட குதிரைகளை இழந்தனர். குண்டுபட்டு இறந்தவை சிலவே, பசியாலும் பிணியாலும் களைப்பாலும் இறந்தவையே பல. இவ் வனுபவங்களுக்குப் பின் வந்த 1912-ஆம் ஆண்டு மாதிரிச் சேணத்தில், பக்கப்பலகைகள் எஃகு வளைவுகளில் கீல்போல் அசைந்து, குதிரை பருத்தாலும் மெலிந்தாலும் ஓரளவு தாமே இசையுமாறு அமைக்கப்பட்டன. குதிரையைச் சேணத்துக்கு இசைவிப்பது கூடாது, சேணத்தையே குதிரைக்கு இசைவிக்க வேண்டும் என்னும் உண்மை இவ்வளவு நஷ்டத்தின் பின்னரே உறுதியாயிற்று.

இசைவை அறியும் முறை

நம் இளைஞர்களுள் குதிரையேற்றம் பயில்வோர் இந்நாளிலும் உளராதலின், அறிந்தோர் கையாளும் முறையைச் சுருக்கிக் கூறுவோம்.

குதிரையைச் சமதரையில் நான்கு காலும் நேராக நிறுத்தி, விரிப்பு யாதுமின்றிச் சேணத்தை முதலில் சற்று முன்னே வைத்து, மயிர் படியும் திசையில் பின்னே இழுத்து, அது தானே தங்கும் இடத்தில் விடவேண்டும். தோட்பட்டை எலும்பு நடையில் முன்னும் பின்னும் அசைவதாதலின், சேணம் அதனை அமுக்கலாகாது. பின்புறத்தில் கடைசி விலாவெலும்பைத் தாண்டிப் பாரம் விழலாகாது. அதற்கப்பால் முதுகைத் தாங்க விலா இல்லை. பிடரிமயிர் முடியுமிடத்தில் தோள்களின் நடுவே எழும்பிநிற்கும் மேட்டுக்கும் சேண வளைவுக்கும் இடையே இரண்டு மூன்று விரல் நுழைய வேண்டும். பின்னே நின்று நோக்கினால் நடுக்கால்வாயின் வழியே மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். இவையனைத்தையும் ஆள் ஏறி அமர்ந்த பின்னரும் மறுபடி சோதித்தல் அவசியம். வெறுஞ் சேணம் நின்ற இடத்தில் பாரமேறிய சேணம் நில்லாது.

பிறகு மெத்தையின் கீழ்க் கையை நுழைத்து முன்னிருந்து பின்வரை தடவ வேண்டும். முன்னும் பின்னும் அழுத்தி நடுவில் இடைவெளி விட்டால் அது பாலம்போல் நிற்கிறது. நடுவில் மட்டும் அழுத்தினால் தொட்டில்போல் ஆடும். இரண்டும் தீது. அளவெடுக்க விரும்புவோர் வளையும் ஈயப்பட்டையை முதுகின் மீது மூன்று இடங்களில் படிய அமுக்கி எடுத்து, அவ்வடிவைத் தாளில் வரைந்து, சேணம் தைப்போனிடம் கொடுப்பர்.

எல்லாவற்றினும் மேலான சாக்ஷி குதிரையின் வியர்வையே. ஓட்டி வந்தபின் சேணத்தை நீக்கிப் பார்த்தால் இருபக்கமும் ஒரே சீராய் நனைந்திருத்தல் நன்று. நனைந்த பரப்பின் நடுவே உலர்ந்த வட்டம் காணப்படின், அங்கே பாரம் மிகுந்து நெருக்கியிருக்கலாமென்று ஐயுறுக. இரத்தவோட்டம் தடைப்பட்ட தோல் முதலில் வீங்கும். அலக்ஷியம் செய்தால் புண்ணாகும். ஆறிய பின் அவ்விடத்தில் வெண்மயிர் முளைக்கும். ஆதலின் கருங்குதிரை முதுகில் வெள்ளைப் புள்ளி கண்டால் அதனை அழகென்று மயங்காது, பழைய எஜமானனுடைய பிழையென்று அறிக. நெடுந்தூரம் வந்து நின்றதும் சேணத்தைச் சடக்கென்று கழற்றாமல், வாரை மட்டும் தளர்த்திச் சிறிது நேரம் விட்டுவைப்பது பழைய படைவீரர் வழக்கம். நெருக்குண்ட இடத்தில் இரத்தம் மெல்லத் திரும்புதற்கு அது உதவும்.

குறுகிய சேணத்தின் கீழ் மேலும் ஒரு கம்பளம் போட்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவோர் பலர். இறுக்கும் செருப்புக்குள் துணியையும் திணித்து நடப்பதை ஒக்கும் அது. அன்றியும், ஒருமுறை இசைந்த சேணம் என்றும் இசைந்திருக்கும் என்பதுமில்லை. கோடையில் மெலிந்த குதிரை மழைக்காலப் புல்லில் பருக்கும். வேலையால் தசை ஏறும். முதுமையில் முதுகு தாழும். ஆகவே பருவந்தோறும் பார்த்தல் வேண்டும்.

யாம் கண்ட ஒன்று

இதனை எழுதும் எம்மிடத்தும் ஒரு குறை உண்டு. அதனை மறைப்பது நேர்மையன்று. சில ஆண்டுகளுக்கு முன் எம் உறவினர் வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு வாடகைக் குதிரை ஒன்று வந்தது. ஜரிகை விரிப்பும் மணிகளும் கண்ணைக் கவர்ந்தன. மாப்பிள்ளை ஏறும்போது குதிரை காதுகளைப் பின்னே மடக்கி முதுகை நெளித்தது. அதைக் கண்டு யாமெல்லாம் நகைத்தோம். 'முரட்டுக் குதிரை' என்றோம். ஊர்வலம் முடிந்து விரிப்பை எடுத்தபொழுது தோள்மேட்டின் இருபுறமும் உள்ளங்கையளவு தோல் உரிந்து சிவந்திருந்தது. நகைத்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் கலைந்தோம். 'குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம்' என்று பழமொழி சொல்லிக் குதிரையையே பழிப்பது நம் வழக்கம். அது ஏன் தள்ளிற்று என்று எவரும் கேட்பதில்லை. மேற்சொன்ன முதியவரிடம் இந் நிகழ்ச்சியைக் கூறியபோது, "விரிப்பைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஏறியிருந்தால் ஒரு நிமிஷம்தானே ஆகியிருக்கும்" என்றார். அச் சொல் இன்னும் எம் நெஞ்சில் உறுத்துகிறது.

புண்ணுடைய பிராணியை வேலை வாங்குதல் 1960-ஆம் ஆண்டுப் பிராணிவதைத் தடைச் சட்டத்தின்படி குற்றமாகும். எனினும் கடற்கரைகளிலும் கல்யாண வீதிகளிலும் பாரம் சுமக்கும் குதிரைகளின் விரிப்பைத் தூக்கிப் பார்ப்பவர் அரியர்.

முடிவுரை

கடைசியாக ஒன்று. தூணில் வீரன் இருக்கிறான். பாட்டில் தேசிங்கு இருக்கிறான். கல்வெட்டில் வணிகன் இருக்கிறான். சேணம் தைத்தவன் பெயர் எங்குமில்லை. சிலப்பதிகாரம் புகார் நகரத் தொழிலாளரை எண்ணும்போது தோல் தைப்போரையும் ஓர் இனமாக எண்ணியது அவர்க்குக் கிடைத்த சிறு மரியாதை. ஆவாரம்பட்டையில் தோலைப் பதமிட்டு, குதிரையின் முதுகைக் கையால் தடவி அளவறிந்து, ஊசியும் நூலும் கொண்டு பாரத்தைப் பகிர்ந்து வைத்த அக் கைகளே அரசர்களின் பொன்னைக் காத்தன. அவை இல்லாதவிடத்தில் பொன் அழிந்தது.

மண்குதிரை செய்து ஐயனாருக்கு நிறுத்தும் நம் குயவரும் சேணமும் வாரும் மணியும் மறவாது பிசைந்து வைக்கின்றனர். உயிரற்ற குதிரைக்கு இவ்வளவு கவனம் இருக்க, உயிருள்ளதற்குக் குறைவாய் இருத்தல் தகுமோ? நம் சங்கத்தினர் இல்லங்களில் இனி நடக்கும் சுபகாரியங்களில் குதிரை வருமாயின், மாப்பிள்ளை ஏறுமுன் வீட்டுப் பெரியவர் ஒருவர் விரிப்பைத் தூக்கி அதன் முதுகை ஒருமுறை பார்ப்பாராக. புண் இருப்பின் ஊர்வலம் நடந்தே போகட்டும். அதனால் கல்யாணத்தின் சிறப்புக் குன்றாது. நமக்கு ஊழியம் செய்வோர் எவராயினும், அவர் தோளில் நம் பாரம் எங்கே அழுத்துகிறது என்று கேட்டறியும் பழக்கமும் அதனோடு நம்மிடம் வளருமாயின், இக் கட்டுரை எழுதிய பயனை யாம் முழுதும் பெற்றவராவோம்.